மூன்று அண்ணன் தம்பிகளும் ஒரு கீபோர்டும்

ஒரே கூரையின் கீழ் கடை நடத்திக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் மூன்று பேர் எப்படிக் காலம் தள்ளுவது என்று யாராவது என்னைக் கேட்டால், நான் தபாலக்காவைத்தான் காட்டுவேன். நான் பில் போடுகிறவள், அவள் மெயில் போடுகிறவள், அதனால்தான் அந்தப் பேர். எங்கள் மேஜைகள் இரண்டும் எதிரெதிரே ஒட்டிக் கிடந்தன. நான் காலை நீட்டினால் அவள் செருப்பில் இடிக்கும். "ஏன்டி, கால் வைக்க உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்பாள். அப்போது எரிச்சலாக வரும். இப்போது என் எதிரே ஒரு இரும்பு அலமாரி நிற்கிறது. எவ்வளவு நீட்டினாலும் அது ஒரு வார்த்தை கேட்பதில்லை.

முதலாளிகளின் அப்பா காலத்தில் அது ஒரே கடை. கட்டில், மெத்தை, திரைச்சீலை எல்லாம் ஒன்றாகவே விற்றன. அவர் போன பிறகு பிள்ளைகள் மூன்று பேரும் குறுக்கே பிளைவுட் பலகை அடித்துக் கடையை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். கட்டில் பெரிய முதலாளிக்கு, மெத்தை நடு முதலாளிக்கு, திரைச்சீலை சின்ன முதலாளிக்கு. கட்டில் வாங்கியவர் மெத்தையும் வேண்டுமென்றால் தெருவுக்கு இறங்கி அடுத்த வாசல் வழியாக ஏறி வரவேண்டும். மழை நாளில் வந்தவர்கள் வாய்விட்டே திட்டுவார்கள். பிரிக்க முடியாமல் பொதுவில் நின்றது பின்பக்கத்து அறை மட்டும்தான். அதில் ஒரு கம்ப்யூட்டரும் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். எங்களையும் பலகை வைத்துப் பிரித்திருப்பார்கள், அளவுதான் சரிவரவில்லை போலிருக்கிறது.

சண்டைக்குக் காரணம் சொத்துபத்தெல்லாம் இல்லை, ஒரு பழைய டெலிவரி வேன். அப்பா ஓட்டிய வேன் அது. சின்ன முதலாளி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான். ஒருநாள் அவர் வெளியூர் போய்விட்டு வருவதற்குள் பெரியவர் அதை விற்றுவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? இனிமே உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது" என்று சின்னவர் கிளம்பினார். சமாதானம் பண்ணப் போன நடு முதலாளியிடம், "நீ அவன் பக்கமா?" என்று பெரியவர் கேட்டார், "நீ அவர் பக்கமா?" என்று சின்னவர் கேட்டார். "எவன் பக்கமும் இல்ல, போங்கடா" என்று அவரும் கோபித்துக்கொண்டார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பலகை பலகைதானே.

பேச்சை நிறுத்திவிடலாம். ஆனால் கடைக்கு ஒரே கரண்ட் மீட்டர், ஒரே குடோன், ஒரே ஷட்டர் பூட்டு. பேசாமல் எப்படி? அதற்குத்தான் மெயில். மூன்று பேருக்கும் தனித்தனி மெயில் கணக்கு. மூன்றும் அந்த ஒரே கம்ப்யூட்டரில், தபாலக்காவின் கைக்குள்.

பெரியவர் வந்து அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு தம்பியைத் திட்டித் தீர்ப்பார். அக்கா அதைப் பெரியவரின் கணக்கிலிருந்து எழுதி அனுப்புவாள். அனுப்பியதும் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி நடு முதலாளியின் கணக்கைத் திறப்பாள். அங்கே அது புது மெயிலாக வந்து உட்கார்ந்திருக்கும். அவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவாள். அவர் தாம்தூம் என்று குதித்துப் பதில் சொல்வார். அதையும் இவள்தான் எழுதுவாள், மறுபடி பெரியவர் கணக்கைத் திறந்து இவள்தான் படிப்பாள். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது.

"ஏன்க்கா, உனக்குப் பைத்தியம் பிடிக்கலையா?" என்றேன்.

"வீட்டுல என் மனுஷன் வாயைத் திறக்கவே மாட்டார்டி. அதான் இங்க வந்து மூணு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கறேன்" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். வாயில் எப்போதும் நூலையோ ஊசியையோ கடித்துக்கொண்டிருப்பதால் பேச்சு வராது என்பது அவள் கட்சி. கல்யாணத்துக்கு முன்னால் அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். காதில் வாங்கியதை வெளியே விடக்கூடாது என்று அங்கே பழகியது கடைசிவரை அவளிடம் இருந்தது. மெயிலுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாள். "நானா ஒரு வார்த்தை சேர்க்கமாட்டேன். வேணும்னா எடுப்பேன்" என்பாள்.

அந்த எடுப்பது இருக்கிறதே, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். "அந்தத் தடிமாடு இன்னிக்குள்ள அவனோட மெத்தைய குடோன்ல என் கட்டில் மேலேர்ந்து தூக்கலேன்னா நான் அத்தனையையும் ரோட்டுல வீசிடுவேன்னு எழுதுங்க" என்று பெரியவர் கத்துவார். அக்கா "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டியபடி தட்டுவாள். எட்டிப் பார்த்தால் திரையில், 'மெத்தைகளை இன்றைக்குள் எடுத்துக்கொள்ளவும்' என்று இருக்கும். அவ்வளவுதான். பெரியவர் மூக்குக்கண்ணாடி போடாமல் குனிந்து பார்த்துவிட்டு, "ம், நல்லா உறைக்கிற மாதிரி இருக்கு" என்று போய்விடுவார்.

நடு முதலாளிக்கு மட்டும் எடுக்க முடியாத ஒரு வாசகம் உண்டு. எதைக் கேட்டாலும் முடிக்கும்போது, "ஒரே வார்த்தையில பதில் போதும்னு போடுங்க" என்பார். அண்ணனோ தம்பியோ நீட்டி முழக்கிவிடுவார்கள் என்று பயம். அதில் திட்டு ஒன்றும் இல்லாததால் அக்கா அதை அப்படியே விட்டுவிடுவாள்.

ஒருநாள் வினை வந்தது. மவுஸைப் பிடித்து இடது பக்கப் பட்டியலில் இந்தக் கணக்கு, அந்தக் கணக்கு என்று அழுத்தி அழுத்தித்தான் அக்கா மாறிக்கொண்டிருந்தாள். அந்த மவுஸ் ஒரு சண்டி. ஒருமுறை தட்டினால் இரண்டு முறை குதிக்கும். பெரியவர் சின்னவருக்குச் சொன்ன கண்டிப்பான மெயில் ஒன்று எப்படியோ பெரியவருக்கே போய்விட்டது. போதாததற்கு சின்னவர் கணக்கிலிருந்து. 'பொறுப்பில்லாமல் நடந்துகொள்வதை இனியாவது நிறுத்தவும்.' பெரியவர் போனில் அதைப் படித்துவிட்டு எரிமலையாக வந்து நின்றார்.

"என்ன தைரியம் இருந்தா அவன் என்னைப் பார்த்து இப்படிச் சொல்லுவான்!"

"ஐயா, அது நீங்க காலையில சொன்னதுதாங்க" என்றாள் அக்கா.

பெரியவர், "நான் சொன்னா இவ்வளவு கோபம் வருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நான் பில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த மெயிலைத் திறந்து மறுபடி மறுபடி படித்தாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது, அந்த மவுஸ் மேல். அன்றைக்கே மெயில் புரோகிராமின் செட்டிங்கில் போய் நோண்டினேன். கீபோர்டிலேயே கணக்கு மாற்ற வழி இருந்தது. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஒன்றை அழுத்தினால் பட்டியலில் முதல் கணக்கு, இரண்டை அழுத்தினால் இரண்டாவது, மூன்றை அழுத்தினால் மூன்றாவது. ஒன்று பெரியவர், இரண்டு நடு முதலாளி, மூன்று சின்னவர். என் நகப்பூச்சை எடுத்து அந்த மூன்று எண்களின் மேலும் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். "கீபோர்டுக்குச் சிங்காரமாடி!" என்று கேட்டாள். ஆனால் ஒரு வாரத்தில் அவள் கை பழகிவிட்டது. அதற்கப்புறம் அவள் கீழே பார்த்ததே இல்லை. பேசிக்கொண்டே, என் டிபனிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டே, இடது கை தானாகத் தாவும். டக், பெரியவர். டக், சின்னவர். அந்தச் சத்தத்தை வைத்தே இன்றைக்குக் கடையில் எவ்வளவு சண்டை என்று எனக்குத் தெரிந்துவிடும். வருஷக்கணக்காக அப்படிப் போனது. நகப்பூச்சு தேய்ந்து, எண்ணும் தேய்ந்து, அந்த மூன்று பொத்தான்களும் வெறுமையாகப் பளபளத்தன.

பிறகு பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஆபரேஷன் என்று முடிவானது. அவர் மனைவியை நாங்கள் பெரியம்மா என்போம். அந்த அம்மா கடைச் சாவி கொடுக்க வந்தபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நாளைக்கு உள்ள கொண்டு போறாங்க. வாயைத் திறந்து சொல்லமாட்டேங்கறார். ஆனா கதவு திறக்கிறப்பெல்லாம் யாரு யாருன்னு பார்க்கிறார். சின்னவரைத்தான் தேடறார், எனக்குத் தெரியாதா? நான் கூப்பிடட்டுமான்னா, 'நீ கூப்பிட்டு அவன் வர வேண்டாம்'ங்கறார். பார்க்காமலே போயிடுவாரோன்னு பயமா இருக்கு."

"ஒண்ணும் ஆகாதுங்க" என்று அக்கா சொன்னாள். அவர் போன பிறகு தண்ணீர் குடித்தாள், மறுபடியும் குடித்தாள். பெரியம்மா சொன்னதைச் சின்னவரிடம் போய்ச் சொல்லிவிடேன் என்று நான் அரித்தேன். "அவர் எழுதச் சொல்லலையேடி. நானா எப்படிச் சேர்க்கிறது?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இவள் சட்டமும் இவளும்!

அந்தச் சமயம் பார்த்து இன்னொரு சிக்கல் இருந்தது. முந்தைய வாரம்தான் நடு முதலாளி தன் மெயில் பாஸ்வேர்டைத் தொலைத்துவிட்டு புதுக் கணக்கு ஆரம்பித்திருந்தார். பழையதை நீக்கிப் புதியதைச் சேர்த்தேன். சேர்த்தது பட்டியலின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது இரண்டு சின்னவர், மூன்று நடு முதலாளி. மேலே ஏற்றப் பார்த்தேன், ஏறவில்லை. "விடு, நான் பழகிக்கறேன்" என்று அக்கா சொன்னாள். இரண்டு சின்னவர், மூன்று நடுவுலவர் என்று ஜபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். மனது பழகிவிட்டது. விரல் பழகவில்லை.

பெரியம்மா போன கொஞ்ச நேரத்தில் நடு முதலாளி வந்தார். முகம் சரியில்லை.

"அந்த மனுஷனுக்கு எழுதுங்க. ஊர்ல இருக்கறவன் எல்லாம் போய்ப் பார்த்துட்டு வந்துட்டான். கூடப் பிறந்தவன் நான், வெளியாள்கிட்ட விசாரிச்சுக்கிட்டு நிக்கறேன். வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவாரா? நான் வரலாமா கூடாதா? ஒரே வார்த்தையில பதில் போதும்னு போடுங்க."

அக்காவின் கண் கலங்கிப் போயிருந்தது. கை டக்கென்று தாவியது, தட்டினாள், அனுப்பினாள். 'நான் வரலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் பதில் போதும்.'

ஒரு மணி நேரம் இருக்கும். சின்ன முதலாளி போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்குள் ஓடிவந்தார். அவர் மேலெல்லாம் திரைச்சீலை நூல்.

"அக்கா, இங்க பாருங்க. அண்ணன் அனுப்பியிருக்கு. அதுவா டைப் பண்ணி அனுப்பியிருக்கு!"

போனில் 'வா' என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

"எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா, என்னை இப்படிக் கூப்பிட்டு?" என்றார். கீழே இழுத்து முழு மெயிலையும் பார்க்கிற பொறுமை அவருக்கு எந்தக் காலத்தில் இருந்தது? கடையைப் பூட்டாமல், கடைப் பையனிடம்கூடச் சொல்லாமல், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அப்புறம் இரண்டு பேரும் கீபோர்டைப் பார்த்தோம்.

"ரெண்டை அழுத்திட்டேன்டி. நடுவுலவர் மெயிலு சின்னவர் பேர்ல போயிடுச்சு."

எழுந்து பின்னாலேயே ஓடப் பார்த்தாள். நான் குறுக்கே காலை நீட்டினேன்.

"எங்க போற?"

"உண்மையைச் சொல்ல வேணாமா? சின்னவர் கேட்கவே இல்லன்னு பெரியவருக்குத் தெரிஞ்சா? நாளைக்கு ஆபரேஷன்டி, பாவி!"

"அதனாலதான் சொல்றேன், உட்காரு. எழுதினது எந்தத் தம்பியா இருந்தா என்ன, கூப்பிட்டது அண்ணன்தானே? அதுல பொய் ஏதாவது இருக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் நடு முதலாளி கதவருகில் வந்து நின்றார். "பதில் வந்துச்சா?"

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வந்துச்சுங்க. 'வா'ன்னு சொல்லியிருக்கார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. நீங்க ஒரே வார்த்தைதானே கேட்டீங்க."

அவர் திரும்பி நின்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அக்கா சின்னவரின் கணக்கைத் திறந்து, அனுப்பிய மெயில்களிலிருந்து அந்த ஒன்றை நீக்கினாள்.

சாயங்காலம் எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையை அடைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டோம். கட்டிலின் இந்தப் பக்கம் நடு முதலாளி, அந்தப் பக்கம் சின்னவர், நடுவில் பெரியவர். மூன்று பேரும் மூன்று மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அந்த வேனுக்கு பிரேக் போயிருந்துச்சுடா. சரி பண்ணவே முடியாதுன்னுட்டான். நீ சொன்னா கேட்கமாட்ட, ஓட்டிட்டுப் போய் எங்கயாவது மோதிக்குவ. அதான் வித்தேன்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" சின்னவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"நீ எங்க கேட்ட? நீபாட்டுக்குக் குதிச்ச."

"சரி சரி, மறுபடியும் ஆரம்பிச்சுடாதீங்க. இனிமே என்னால எவன் பக்கமும் நிக்க முடியாது" என்றார் நடு முதலாளி. மூன்று பேரும் சிரித்தார்கள். நர்ஸ் வந்து எங்கள் எல்லோரையும் சத்தம் போட்டாள். நான் அழுதேன். ஆமாம், வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவர் திரும்பி வந்ததும் பிளைவுட் பலகையில் ஆளுயரத்துக்கு வழி வெட்டினார்கள். அதற்கப்புறம் மெயில் எங்கே? ஒருவரையொருவர் சத்தமாகக் கூப்பிட்டார்கள், அங்கிருந்தே கத்தினார்கள், திட்டு எல்லாம் முழுசாகவே போய்ச் சேர்ந்தது. கம்பெனி மெயில்களும் வாடிக்கைக்காரர் மெயில்களும் மட்டும்தான் மிச்சம். "உன் வேலைக்கே வேட்டு வெச்சுக்கிட்டியேக்கா" என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் அந்த முள் கிடந்தது. டீ குடிக்கும்போது சின்னவர், "என்ன இருந்தாலும் அண்ணன்தான் முதல்ல கூப்பிட்டார்" என்று பெருமையடிப்பார். உடனே நடு முதலாளி, "நான் கேட்டேன், அதுக்குத்தான் வான்னார்" என்பார். பெரியவர் டீயை ஊதிக்கொண்டிருப்பார். அக்காவுக்கு மட்டும் இருமல் வந்துவிடும், தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். என்றைக்காவது வெளியே வந்தால் மறுபடி பலகை அடித்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். கூடவே, பெரியவரை ஏமாற்றிவிட்டோமே என்ற வருத்தம்.

கண்ணில் புரை விழுந்து, திரையைப் பார்க்க முடியாமல் போனபோது அக்கா வேலையை விட்டாள். கடைசி நாள் பெரியவர் எங்கள் அறைக்கு வந்தார். முன்போல அவள் தோளுக்குப் பின்னால் நிற்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அக்காவுக்கு அடக்க முடியவில்லை, கொட்டிவிட்டாள். புதுக் கணக்கு, மாறிப்போன வரிசை, தவறி அழுத்திய இரண்டு, எல்லாம்.

"அன்னிக்கு உங்களைக் கேட்டது சின்னவர் இல்லீங்க. மன்னிச்சிடுங்க."

பெரியவர் அவசரப்படாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே வார்த்தையில பதில் போதும்னு எங்க வீட்டுல எவன் எழுதுவான்? பார்த்ததுமே தெரியும், நடுவன் எழுதினதுன்னு."

"தெரிஞ்சுமா?"

"மேல சின்னவன் பேர் இருந்துச்சேம்மா. அந்தப் பேரையே பார்த்துட்டுக் கிடந்தேன். எங்கேயோ விரல் தவறிப்போச்சுன்னு புரிஞ்சுது. இதைவிட்டா வேற சந்தர்ப்பம் கிடைக்காதுன்னும் புரிஞ்சுது. அதான் அவன் பேருக்கே பதிலைப் போட்டேன். நடுவன் எப்படியும் உங்ககிட்ட வந்து கேட்பான்னு தெரியும்."

அக்கா கீபோர்டில் தேய்ந்து போன இரண்டைத் தடவினாள். நான் பில் புத்தகத்தை மூடினேன்.

"சின்னவர்கிட்ட நான் சொல்லிடட்டுங்களா?" என்று கேட்டாள்.

பெரியவர் எழுந்தார். ஸ்டூலைப் பழைய இடத்தில் தள்ளிவைத்தார்.

"என் வாயிலேர்ந்து வந்த எத்தனை வார்த்தைய இத்தனை வருஷமா எடுத்திருப்பீங்க? கண்ணாடி போடலைன்னாலும் எனக்குத் தெரியும். இதையும் எடுத்துடுங்க."